பித்தளையில் இறங்கிய பாம்படம்

எங்கள் ஆச்சியின் போட்டோ உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கோவில்பட்டியில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெரியம்மா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதைப் போனில் எடுத்து அனுப்பச் சொல்லி பெரியம்மாவின் பேரனைக் கேட்டேன். பயல் படத்துக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு செல்பி எடுத்து அனுப்பினான். அவனை வெட்டிவிட்டு ஆச்சியை மட்டும் பெரிசாக்கிக்கொண்டேன். நேராக உட்காராமல் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். அதனால் ஒரு காதுதான் முழுசாகத் தெரியும். வலது தோளில் கிடக்கும் முந்தானையைத் தொடுகிற அளவுக்கு மடல் நீண்டு இறங்கி, நுனியில் பாம்படம்.

ஆவணியில் சித்தி மகளுக்குக் கல்யாணம். நல்லதாக ஒரு ஜோடிக் கம்மல் வேண்டும் என்று மூன்று வாரமாகக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தேன். தங்கம் எனக்கு எட்டாது, அது வேறு கதை. கவரிங், ஆக்சிடைஸ்டு, டெம்பிள் ஜுவல்லரி என்று எந்தத் தட்டை எடுத்துப் போட்டாலும் அதே லட்சுமி, அதே மயில், அதே ஜிமிக்கி. போனில் தேடினால் அதையே இன்னும் ஆயிரம் தடவை காட்டுகிறது. அலுத்துப்போய் ஒரு ராத்திரி ஆச்சி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காதில் பூவும் இல்லை, மயிலும் இல்லை. ஒரு கனசதுரம், அதன் தலையில் சாய்ந்து நிற்கிற சதுரத் தகடு, பக்கத்தில் ரெண்டு உருண்டை, ஓரங்களில் மிளகு மிளகாகச் சின்ன மணிகள். அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டின மாதிரி இருக்கிறது.

பாம்பின் படம் என்பதுதான் பாம்படம் ஆனது என்பார்கள். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் பாம்பு தெரியவில்லை. ஒரு பக்கமிருந்து பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவை தெரிகிறது. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாம்படங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. பொருள்களை உருளையும் பெட்டியுமாக உடைத்து வரைகிற கியூபிசம் பாரிஸில் கிளம்பியது 1907 வாக்கில். அதற்கு முன்பே திருநெல்வேலிச் சீமை ஆசாரிமார் அதைப் பவுனில் அடித்து, கிழவிகள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு பருத்தி எடுத்திருக்கிறார்கள்.

அருங்காட்சியகப் படங்களைப் பார்த்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. நிறைய பேர் இதைக் கவனிப்பதில்லை. ஜோடியில் ரெண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று மற்றதின் கண்ணாடிப் பிம்பம். இந்தத் தகடு இடது காதில் ஒரு பக்கம் சாய்ந்தால் வலது காதில் எதிர்ப்பக்கம் சாயும். ஜிமிக்கியை எந்தக் காதில் வேண்டுமானாலும் மாட்டலாம். பாம்படத்துக்கு இடம் வலம் உண்டு.

சரி, இதைப் பித்தளையில் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கு முன் அனுபவம் என்று பார்த்தால் கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு மணி கோத்தது, ஒரு தடவை வெள்ளி மோதிரத்தைப் பற்றவைத்தது, அவ்வளவே. திமிர்தான்.

முதல் கேள்வி கனம். ஆச்சியுடையது ஜோடி ஏழு பவுன், அதாவது 56 கிராம். காது வளர்த்த ஆட்களுக்கு அது சரி. சின்ன வயசிலேயே துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு பனையோலைச் சுருளை வைத்து, அதற்கப்புறம் ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு வருஷக்கணக்காக வடித்த காது. நம் காது பொட்டுத் துளை. எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரு வழி செய்தேன். பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம். பட்டன் போட்டு வருகிற குட்டிப் பிளாஸ்டிக் பையில் ஆளுக்கு ஒன்றாகப் போட்டு, நூலில் கட்டி, ரெண்டு தோட்டிலும் தொங்கவிட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு வேலை பார்த்தேன். சாயங்காலம் வரை தொந்தரவு இல்லை. மறுநாள் கூட ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையும் சேர்த்தேன், 13.7 கிராம். ஒரு மணி நேரத்தில் மடல் எரிய ஆரம்பித்தது. ஆக, ஒரு காதுக்கு எட்டுக் கிராமைத் தாண்டக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன். கூரியர் கொடுக்க வந்த பையன் என் காதில் தொங்கிய பத்து ரூபாயைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அளவு பிடிக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் உதவியது. கெட்டியாக இருக்கும், மடித்தால் கோடு சுத்தமாக விழும். 8, 10, 12 மில்லிமீட்டரில் மூன்று பெட்டி மடித்து, களிமண் உருண்டை ஒட்டி, கண்ணாடி முன்னால் காதோரம் பிடித்துப் பார்த்தேன். எட்டு, குழந்தைக் கம்மல் மாதிரி இருந்தது. பன்னிரண்டு கன்னத்தில் இடிக்கிறது. பத்து என்று வைத்துக்கொண்டேன். பத்து மில்லிமீட்டர்ப் பெட்டிக்கு ஆறு முகம், ஆறு சதுர சென்டிமீட்டர். 28 கேஜ் தகடு 0.376 மில்லிமீட்டர் தடிமன். பித்தளை கன சென்டிமீட்டருக்கு எட்டரைக் கிராம். பெருக்கினால் பெட்டிக்கு ரெண்டு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. கணக்கு ஒத்துவந்ததும் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது வேலை தொடங்கின அன்றே போய்விட்டது.

மதுரையில் தெற்காவணி மூல வீதியும் அதைச் சுற்றின சந்துகளும் நகைக்காரர்களுக்கானவை. வெண்காரம், வெள்ளிப் பொடி, அரம், நூல் மாதிரி மெல்லிய அலகு போடுகிற சின்ன வில் ரம்பம் எல்லாம் ஒரே சுற்றில் கிடைத்தது. பொடி என்றால் பற்றவைக்கிற உலோகம். பித்தளை உருகுவதற்கு முன்னால் தான் உருகி இடுக்கில் ஓடும்படி வெள்ளியோடு பித்தளை கலந்து செய்வது. அதை இணைப்பில் வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று சொல்கிறோமே, அந்தப் பொடி இதுதான் என்பார்கள். எனக்கு ஊதத் தெரியாது. சமையற்காரர்கள் சர்க்கரை கருக்கப் பயன்படுத்துகிற கேஸ் டார்ச் ஒன்று இருந்தது, அதுதான்.

தகட்டில் சிலுவை மாதிரி ஆறு சதுரம் வரைந்து அறுக்க ஆரம்பித்தேன். அலகு ஒரு டஜன் வாங்கியிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஏழு போய்விட்டது. கோபத்தில் அழுத்தினால் உடனே 'டிக்'. கடைசியில், ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு தகட்டைத்தான் அதற்குள் ஊட்ட வேண்டும், கையை ஓட்டக் கூடாது என்பது தானாகவே புரிந்தது. எட்டாவது அலகு ரெண்டு நாள் வந்தது.

மடிக்கிற கோடுகளில் முக்கோண அரத்தால் பள்ளம் இழுக்க வேண்டும், தகட்டின் முக்கால் ஆழத்துக்கு. அப்போதுதான் மூலை கூராக வரும். இல்லாவிட்டால் தீப்பெட்டி நனைந்த மாதிரி மழுங்கிவிடும். பாம்படத்தின் உயிரே அந்த மூலைகள்தான். முதல் மடிப்பிலேயே கோட்டோடு விரிசல் விட்டது. கடையில் வாங்குகிற தகடு உருளையில் அழுத்திவந்தது, விறைப்பாக இருக்கும். சூடாக்கி இளக்கவேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, தகடு மங்கலான செம்பருத்திச் சிவப்புக்கு வருகிற வரை டார்ச்சைக் காட்டி ஆறவிட்டேன். அதற்கப்புறம் விரலாலேயே மடிந்தது, அட்டை மாதிரி. விளக்கை அணைப்பது நாடகத்துக்காக இல்லை. வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. தெரிகிற வரைக்கும் காட்டினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுக்கக் கூடாது. நான் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துத்தான் செய்தேன்.

வெண்காரத்தைத் தண்ணீர் விட்டுச் சந்தனம் மாதிரி உரைத்து இணைப்பெல்லாம் தடவி, பொடித் துணுக்குகளை வரிசையாக வைத்து, சூடு காட்டினால் முதலில் வெண்காரம் பொரி மாதிரி பொங்கும். அப்போது துணுக்கெல்லாம் இடம் மாறி ஓடிவிடும், அவசரப்பட்டால் காரியம் கெட்டது. பொங்கி அடங்கிக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை தூரத்திலிருந்தே காட்ட வேண்டும். பிறகு கிட்டே. ஒரு நொடியில் பொடி மின்னிக்கொண்டு இடுக்குக்குள் ஓடும். அந்த மின்னலைப் பார்க்கத்தான் இந்த வேலையைச் செய்கிறோம் என்றுகூடத் தோன்றும்.

ஐந்து முகம் ஒட்டிவிட்டேன். ஆறாவதை மூடி, பொடி வைத்து, காட்டிக்கொண்டிருக்கிறேன். 'பட்' என்று ஒரு சத்தம். மூடி பறந்து, கொடியில் காய்ந்த துண்டில் பட்டு, கீழே விழுந்தது. துண்டில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை. கண்ணாடி போட்டிருந்தேன், பிழைத்தேன்.

மறுநாள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பத்தர் ஒருவரிடம் போனேன். எண்பதை நெருங்குகிறவர். பட்டறையை மகன் கம்ப்யூட்டர் டிசைன் கடையாக மாற்றிவிட்டான். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காத்துக்கு வழி வச்சியா தாயி?"

"இல்லைங்கய்யா. மூடிட்டேன்."

"உள்ள இருக்க காத்து சூட்டுல விரியும்ல. எங்க போகும் அது? கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஊசித் தொளை ஒண்ணு விடணும். பெறகு அது வழியாத்தான அரக்கு ஊத்தணும்."

"அரக்கா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "பாம்படத்துக்கு வேற என்னத்த வப்பாங்க? முழுப் பவுனுன்னா நெனச்ச?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பமே அப்படித்தான் நினைத்திருந்தது. 1994இல் அத்தை கல்யாணத்துக்கு ஆச்சியின் பாம்படத்தை உருக்கக் கொடுத்தார்கள். நிறுவையில் ஏழு பவுன். உருக்கி வந்தது நாலே முக்கால். ரெண்டே கால் பவுனை ஆசாரி தின்றுவிட்டான் என்று தாத்தா அந்த ஆளோடு சாகும்வரை பேசவில்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்தர் விரல் விட்டு எண்ணினார்: மெல்லிசுத் தகடு, உள்ளே அரக்கு அடைப்பு, அத்தாம் பெரிய உருப்படிக்கு ஜோடியில் ரெண்டு பவுன் எடை அரக்கே வரும். உருக்கும்போது அது எரிந்து போகும். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ரெண்டே கால் பவுன் 18 கிராம். அரக்கு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். 18 கிராமுக்கு ஏறக்குறைய 15 கன சென்டிமீட்டர் இடம் வேண்டும். காதுக்கு ஏழரை. போட்டோவில் இருக்கிற அளவுக்கு அது சரியாகத்தான் வருகிறது. அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்தாளு மகன் இப்பவும் அங்கதான் கடை வச்சிருக்கான்" என்றார்.

அரக்கு எதற்கு என்றால், தகடு மெல்லிசாக இருந்தால்தான் பவுன் கட்டுப்படியாகும். மெல்லிசாக இருந்தால் வெற்றுப் பெட்டி ஒரு தட்டில் நசுங்கும். உள்ளே அரக்கு இருந்தால் அழுத்தம் தாங்கும். பத்தர் இன்னொன்றும் சொன்னார். அவர் அப்பா காலத்தில் பாம்படம் செய்தார்களாம். 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று ஆனபோது பட்டறை படுத்து, அப்பா கொஞ்ச நாள் மளிகைக்கடையில் கணக்கெழுதப் போயிருக்கிறார். "எங்கப்பா செஞ்சதுல நான் கூட இருந்து பாத்தது ரெண்டு ஜோடி. நான் என் கையால உருக்கினது நூறு இருக்கும்." அதைச் சொல்லிவிட்டு என் பெட்டியின் மூலையை நகத்தால் தடவிப் பார்த்தார். "மூலை நல்லா வச்சிருக்க" என்றார். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

ரெண்டாவது சுற்றில் பின்முகத்தில் 2 மில்லிமீட்டர்த் துளை. பெட்டி ரெண்டும் வெடிக்காமல் ஒட்டின. உருண்டைகளை நான் அடிக்கவில்லை. உள்ளீடற்ற பித்தளை மணி கடையிலேயே கிடைக்கிறது, கோக்கத் துளையோடு வருகிறது, அதனால் வெடிக்கிற பயமும் இல்லை. அரைக்கோளம் அடித்து ஒட்டியிருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் வந்து அடித்துக் கொடுக்கலாம்.

சாய்ந்த தகட்டை ஒட்டுவதுதான் மிச்ச வேலையில் சிரமமானது. அது ஒரே ஒரு விளிம்பில்தான் பெட்டியைத் தொடுகிறது. டார்ச்சைக் காட்டினால் ஏற்கெனவே ஒட்டினது கழன்றுவிடுமோ என்று கை நடுங்கும். சீக்கிரம் உருகுகிற பொடியைக் கடைசிக்கென்று தனியாக வைத்திருந்தேன். பழைய இணைப்புகள் மேல் செங்கல் பொடியைக் குழைத்துப் பூசினேன். பூசின இடத்தில் பொடி ஓடாது. நாலு தடவை தகடு சரிந்து விழுந்தது. ஐந்தாவது தடவை நின்றது, நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகச் சாய்வாக. அப்படியே விட்டுவிட்டேன். மற்றதையும் அதே சாய்வுக்கு, எதிர்ப்பக்கமாக வைத்தேன். எது வலது எது இடது என்று ஆச்சி போட்டோவைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன். உள்பக்கம் ஊசியால் 'வ', 'இ' என்று கீறிவைத்தேன்.

பற்றவைத்த கருப்பு போக வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறப்போடுவது வழக்கம். நானும் போட்டேன். கால் மணி நேரத்தில் கருப்பெல்லாம் கழன்றது. எடுக்கும்போது சோம்பேறித்தனமாக இரும்புச் சாமணத்தை உள்ளே விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பித்தளை ரோஸ் கலருக்கு மாறுகிறது. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கிற செம்பு, இரும்பு பட்டதும் வெளியே வந்து உருப்படி மேல் முலாமாக உட்கார்ந்துகொள்ளும். படித்திருக்கிறேன். படித்தது வேறு, கை செய்வது வேறு. மூங்கில் குச்சியால் எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ரோஸைப் போக்க உப்புத்தாளால் தேய்த்ததில் ஒரு மாலை முழுக்கப் போனது. உருண்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் தாள் நுழையவில்லை. அங்கே இப்போதும் கொஞ்சம் செம்பு நிறம் இருக்கிறது. நிழல் விழுந்த மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்ததாகச் சாதாரணக் கொக்கி மாட்டிக் காதில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்ததும் வயிறு கலங்கியது. அத்தனை வேலையும் செய்து, சாவிக்கொத்தில் தொங்குகிற பொம்மை மாதிரி இருந்தது. பெட்டி சரி, உருண்டை சரி, சாய்வு சரி. ஆனால் பாம்படம் இல்லை. ஒரு வாரம் மேஜையில் அப்படியே கிடந்தது. சமையல் பண்ணும்போது, பஸ்ஸில் போகும்போது எல்லாம் போனை எடுத்து ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைப் பார்த்த அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. வடித்த மடல் இருக்கிறதே, அது வளையமாக நீண்டு, நடுவில் பெரிய வெற்றிடம் விட்டு, அதன் அடியில் பாம்படம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டிகளுக்கு மேலே அந்தக் காலியிடம் வேண்டும். நகையில் பாதி, காது. அதைச் செய்த ஆசாரிக்கு மடல் எவ்வளவு இறங்கும் என்று தெரியும். அந்த மடலையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நான் பாதியை மட்டும் செய்துவிட்டு முழுசு ஏன் வரவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

கொக்கியைப் பிடுங்கினேன். 18 கேஜ் கம்பியில் பத்து சென்டிமீட்டர் வெட்டி, தலைகீழ் வில்லாக நீளவாக்கில் வளைத்து, அதன் ரெண்டு நுனியும் பெட்டிக்குள் போகும்படி ஒட்டினேன். மேலே, வளைவின் உச்சியில், வெள்ளி ஆணி வைத்த சின்னத் தட்டு, பின்பக்கம் திருகு. காதுத் துளையில் ஆணி நுழையும், கம்பி மடலின் வேலையைச் செய்யும். கம்பியை முதலில் வட்டமாகத்தான் வளைத்தேன். அது சாதாரண வளையமாகத் தெரிந்தது. ஆச்சியின் மடல் வட்டம் இல்லை. மேலே குறுகி, கீழே கனம் இழுப்பதால் அகன்று, ஒரு புளியங்கொட்டை நீண்ட மாதிரி இருக்கும். போன் திரையில் தாளை வைத்து அந்தக் கோட்டை நகலெடுத்து, அதன் மேல் கம்பியை வைத்து வளைத்தேன். மறுபடி காதில் போட்டேன். இந்தத் தடவை கண்ணாடியில் வேறு ஒரு ஆள் இருந்தாள்.

கடைசியில் அரக்கு. பற்றவைப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் எரிந்து நாறும். கட்டி அரக்கை இடித்துப் பொடியாக்கி, பெட்டியை இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைத்துச் சூடேற்றி, துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியால் தள்ளினேன். பெட்டிக்கு முக்கால் கிராம் போல உள்ளே போயிற்று. இதற்கு அவசியமே இல்லை, 28 கேஜ் பித்தளை தானாகவே நிற்கும். ஆனால் சத்தம் மாறிவிட்டது. முன்பு மேஜையில் வைத்தால் டப்பா மாதிரி 'டங்' என்றது. இப்போது 'தொப்' என்று உட்காருகிறது. நகை என்கிற கனம் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. துளையை மெழுகால் அடைத்தேன்.

மெருகுக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, அந்த நுரையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். தங்க முலாம் போடச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இஷ்டமில்லை. முலாம் போட்டால் கவரிங் கடைத் தட்டுக்கே திரும்பிப் போகிற மாதிரி. பித்தளை கருக்கும், கருக்கட்டும். தோலில் படுகிற ஆணி மட்டும் வெள்ளி என்பதால் காது பச்சையாகவில்லை. எடை: இடது 6.9, வலது 7.3. வலதில் பொடி கூடிப்போனதன் அடையாளம் அது. சுவரில் ஒட்டின எட்டுக்குள் அடங்கியது. ஆறு வாரம், டஜன் அலகு, ஒரு துண்டு, செலவு கருவி நீங்கலாக ஆயிரத்து முந்நூறு.

கல்யாணத்துக்குக் கத்தரிப்பூக் கலர் சுங்குடி கட்டினேன். கழுத்தில் ஒன்றும் போடவில்லை, கையில் ஒரே ஒரு வளையல். காதில் இத்தனை கோணம் இருக்கும்போது கழுத்திலும் ஒன்றைப் போட்டால் ரெண்டும் சண்டை போடும். தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, பூவைப் பின்னால் தள்ளி வைத்தேன். காதோரம் மல்லிகை சரிந்தால் மூலை மறைந்துவிடும். பட்டுக்கு நடுவில் பருத்தியா என்று அம்மா முணுமுணுத்தாள். இளவட்டங்கள் எந்தக் கடை என்று கேட்டார்கள். கிழவிகள் ஒருத்தரும் கேட்கவில்லை. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார்கள்.

பெரியம்மாவுக்கும் சின்ன வயசில் காது வளர்த்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகி டவுனுக்குப் போனதும் பெரியப்பா சொல்லி மடலை அறுத்துத் தைத்துக்கொண்டாள். மடலின் அடியில் தையல் தழும்பு இன்னும் உண்டு. கல்யாணம் முடிந்து அவள் வீட்டில்தான் தங்கினேன். திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்றும் சொல்லாமல் ரெண்டையும் திருகு கழற்றி வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

"ஏட்டி, எத்தன பவுனு?"

"பித்தளை பெரியம்மா."

"கனம் சொல்லுதே."

"உள்ள அரக்கு."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு என் முகத்தைத் தாடையைப் பிடித்துத் திருப்பி, ஒன்றை மாட்டினாள். எந்தக் காதில் எது என்று பார்க்காமல் மாட்டுகிறாளே என்று, "பெரியம்மா, அது எடது. உள்ள எழுதியிருக்கு பாருங்க" என்றேன்.

"எழுதுனா ஆச்சா? தட்டு மொகத்தப் பாக்கணும். நீ முதுகப் பாக்க மாட்டிட்டுத் திரிஞ்சிருக்க, கல்யாண வீடு பூரா." மற்றதையும் மாற்றி மாட்டித் திருகை இறுக்கினாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போட்டோவைப் பார்த்துத்தானே வைத்தேன். போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் ஆச்சிக்கு நேராக நின்றேன். சுவரில் ஆச்சியின் முந்தானை இடது தோளில் கிடந்தது. என் போனில் வலது தோளில்.